இரண்டு முறையும் அதே வரிசை

பழவேற்காடு,
12-6-1999

ஆசை அண்ணன் பிரபாகரனுக்கு, தங்கச்சி வெண்ணிலா எழுதிக்கொள்வது. இங்கே நைனாவுக்கு முட்டி வலியைத் தவிர எல்லோருக்கும் சௌக்கியம். பெங்களூர் குளிரில் உன் சளி எப்படி இருக்கிறது? அம்மா மிளகு ரசம் வைத்துக் குடிக்கச் சொல்கிறாள்.

நீ விட்டுப்போன கம்ப்யூட்டரைப் பார்க்கக் கோட்டைக்குப்பத்திலிருந்துகூட ஆள் வருகிறார்கள். “சகாதேவன் மவன் கடை கடையா சாமான் பொறுக்கி அவன் கையாலயே செஞ்சானாம்” என்று ஊரெல்லாம் பேச்சு. நைனாவுக்குத் தலைகால் புரியவில்லை. வருகிறவர்களுக்கெல்லாம் டீ போட்டே அம்மாவுக்கு இடுப்பு ஒடிகிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஆவணியில் பாடு போட வேண்டும். போன வருஷப் பாடு அன்றைக்கு ஏரியில் வலை போட யாருக்கு எந்த இடம் என்று சீட்டு எடுத்தபோது, ஒரு சீட்டின் முனை மடங்கியிருந்தது என்று மண்டை உடைந்ததே, மறந்திருக்க மாட்டாய். ஊர்ப் பெரியதனக்காரர் நேற்று வீட்டுக்கு வந்தார். “இந்த வாட்டி மனுசன் கை படக் கூடாதும்மா. உங்க அண்ணன் பெட்டியே சீட்டு எடுத்துக் குடுக்குமா, கேட்டு எழுது” என்றார். முடியுமா அண்ணா? முதல் பேருக்கு முகத்துவாரத்து இடம். கடைசிப் பேருக்கு வருஷம் முழுக்க இடமே கிடையாது. விளையாட்டு இல்லை, யோசித்து எழுது.

தருமலிங்கம் மாமா வீட்டில் தை மாசம் எங்கள் கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். அவர் மகன் ஜெகதீஸ்வரன் இப்போதெல்லாம் நம் தெருப் பக்கமே வருவதில்லை, வெட்கமாம். நடுவில் ஒரு தலைவலி. லோகநாதன் அண்ணன் வலையை யாரோ அறுத்துப் போட்டுவிட்டார்கள். மாமாதான் அறுத்தார் என்று அந்த ஆள் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார்.

உடனே பதில் போடு.

உன்,
வெண்ணிலா


பெங்களூர்,
24-6-1999

வாயாடித் தங்கச்சிக்கு அண்ணன் எழுதுவது. சளி போய்விட்டது. ரசம் வைக்க எனக்கு ஏது நேரம்? அம்மாவிடம் குடித்தேன் என்றே சொல்.

முடியுமாவா? என் பெட்டியைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாய்? அதில் இருப்பது முந்நூறு மெகாஹெர்ட்ஸ் சிப். கடையில் எல்லோரும் அதை முந்நூறில்தான் ஓட்டுவார்கள். நான் போர்டில் ஒரு ஜம்பரைப் பிடுங்கி மாற்றிக் குத்தி நானூற்றைம்பதில் ஓடவிட்டிருக்கிறேன். இரண்டு மடங்கு விலை கொடுத்து வாங்கியவன் மெஷின்கூட இதனிடம் தோற்கும். இங்கே செய்தபோது எங்கள் கம்ப்யூட்டர் கடை முதலாளி பார்த்துவிட்டு, “டேய், வெடிச்சிடப் போவுதுடா” என்றார். வெடிக்கவில்லை. சூடாகும், அவ்வளவுதான்.

பாடு போட, பேசிக் என்கிற கம்ப்யூட்டர் மொழியில் ஒரு புரோகிராம் எழுதி ஃப்ளாப்பியில் அனுப்புகிறேன். பேர்களை வரிசையாக அடித்து முடித்ததும் அதுவே குலுக்கி ஒவ்வொரு பேராகக் காட்டும். ஆனால் ஒன்று. ஆசைக்குப் போட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்காதே. அதிக நேரம் ஓடினால் சூடு ஏறி நின்றுவிடும். அன்றைக்கு மட்டும் போட்டால் போதும்.

பெரியதனக்காரரிடம் தைரியமாகச் சொல். சாமியே வந்து சீட்டு எடுத்த மாதிரி இருக்கும்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். முகம் சிவக்காதே.

பிரபா


பழவேற்காடு,
15-7-1999

அண்ணனுக்கு வெண்ணிலாவின் வணக்கம். நைனா, அம்மா நலம். நீ ரசம் குடித்ததை அம்மா நம்பவில்லை.

ஃப்ளாப்பி வந்து சேர்ந்தது. சூட்டுக்கு நானே ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன். இறால் வைக்கிற தெர்மாக்கோல் பெட்டியில் ஐஸ் கொட்டி, அதன் பின்னால் டேபிள் ஃபேனை வைத்துக் கம்ப்யூட்டர் மேல் காற்றைத் திருப்பினேன். நீ இங்கே வைத்துவிட்டுப் போன கேம் இரண்டு மணி நேரம் நிற்காமல் ஓடியது! உன் முதலாளியிடம் சொல். வீடுதான் இறால் வாடை அடிக்கிறது.

வெள்ளிக்கிழமை தருமலிங்கம் மாமா கங்கையம்மன் கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணினார். “நா அறுத்திருந்தா அம்மா எனக்கு ஏரியில எடம் குடுக்காம போவட்டும்” என்றார். அப்படியா ஒருத்தர் வாயை விடுவது? ஆனால் ஜெகதீஸ் தெளிவாக இருக்கிறார். வலை அறுந்த ராத்திரி மாமா எளாவூரில் கல்யாண வீட்டில் குடித்துவிட்டு விழுந்து கிடந்தாராம். விடிந்த பிறகு இவர்தான் தூக்கிக்கொண்டு வந்தாராம். மகன் சாட்சியை யார் ஒத்துக்கொள்வார்கள்? “அப்பனுக்குப் புள்ள சொல்லாம வேற யாரு சொல்லுவான்” என்று லோகநாதன் அண்ணன் சிரித்தார். மாமாவுக்கும் அந்த ராத்திரி ஒன்றும் ஞாபகமில்லை.

நீ பாடு அன்றைக்கு வந்துவிடேன் அண்ணா. எனக்குப் பயமாக இருக்கிறது.

வெண்ணிலா


பெங்களூர்,
28-7-1999

வெண்ணிலாவுக்கு. நலம். அங்கே எல்லோரும் நலம்தானே?

ஐஸா! படுபாவி! நெஞ்சு நின்றுவிட்டது எனக்கு. ஒரு சொட்டு உப்புத்தண்ணி போர்டில் பட்டால் எல்லாம் போச்சு. தள்ளி வை, இன்னும் தள்ளி வை. ஆனால் ஒன்று சொல்கிறேன், இங்கே எவனுக்கும் இந்த யோசனை வரவில்லை.

எனக்கு லீவு இல்லை. நீயே அடித்துவிடுவாய். ஒன்றும் ஆகாது.

பிரபா


பழவேற்காடு,
23-8-1999

அண்ணா, எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். அதற்கு மேல் நலம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

நேற்று பாடு போட்டார்கள். கம்ப்யூட்டரைக் கோயில் மண்டபத்தில் மேஜை போட்டு வைத்தோம். ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனதும் பூசாரி வழியிலேயே மறித்துவிட்டார். “மீன் கெடந்த ஐஸ அம்மாகிட்ட கொண்டாருவியா, அறிவிருக்குதா?” என்றார். திருப்பி எடுத்துப்போக வேண்டியதாகிவிட்டது. ஊரே மேஜையைச் சுற்றி நிற்கிறது, காற்று நுழைய வழியில்லை. பெரியதனக்காரர் பேர்களைச் சொன்னார். தெரியுமே, கோயிலில் விபூதிக்குக் கூப்பிடுகிற அதே வரிசை. அதை மாற்றிச் சொன்னால் நாக்கு அழுகிவிடும் என்பார்கள். நான் அடித்தேன்.

முதல் பேர் நைனா! அம்மா குலவை போட்டுவிட்டாள். ஒவ்வொரு பேராக வந்தது, பெரியதனக்காரர் சத்தமாகச் சொல்லிக்கொண்டே வந்தார். கடைசியில் தருமலிங்கம் மாமா.

அந்த நேரம் பார்த்துத் திரை கோடு கோடாக ஓடி அப்படியே நின்றுவிட்டது. தொட்டால் கேபினெட் கொதிக்கிறது. “செல்லாது, செல்லாது! பெட்டி கெட்டுப்போச்சு, மறுபடி போடு!” என்று ஜெகதீஸ் கத்தினார். சரி என்று அணைத்து, விசிறி விசிறி ஆறவிட்டு, மறுபடி போட்டோம். பெரியதனக்காரர் மறுபடி பேர் சொன்னார், நான் மறுபடி அடித்தேன்.

அண்ணா, அதே வரிசை! ஒரு பேர் மாறவில்லை. முதலில் நைனா, கடைசியில் மாமா. கோயிலில் எப்போதும் சாமியாடுகிற பவளக்கொடி அத்தைக்குச் சாமி வந்துவிட்டது. “ரெண்டு வாட்டி சொல்லிட்டேன், இன்னும் இன்னாடா வேணும்?” என்று மாமாவைப் பார்த்து ஆடினாள். ஜனங்கள் அப்படியே தரையில் விழுந்து கும்பிட்டார்கள். உன் கம்ப்யூட்டருக்குக் குங்குமம் வைத்துவிட்டார்கள்.

மாமா நின்ற இடத்திலேயே நின்றார். யாரும் அவர் பக்கத்தில் நிற்கவில்லை. நைனாகூட நகர்ந்துவிட்டார், சின்ன வயசிலிருந்து ஒரே படகில் போனவர்கள்.

இது எப்படி அண்ணா? உண்மையிலேயே அம்மன்தானா?

வெண்ணிலா


பழவேற்காடு,
20-9-1999

அண்ணனுக்கு. உன் உடம்புக்கு ஒன்றும் இல்லையே? போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை. தபால் தொலைந்ததோ என்று மறுபடி எழுதுகிறேன்.

தருமலிங்கம் மாமா ஒத்துக்கொண்டுவிட்டார்.

நடுத்தெருவில் லோகநாதன் அண்ணன் காலில் விழுந்து, “நாந்தான்டா அறுத்தேன், என்ன மன்னிச்சிடு” என்று அழுதார். நான் குடத்தோடு நின்று பார்த்தேன். குடம் கை நழுவிப் போனதுகூடத் தெரியவில்லை. எளாவூர்க் கதையெல்லாம் பொய்யா? ஜெகதீஸ் என்னிடமும் பொய் சொன்னாரா? அவர் மட்டும் இன்னும், “எங்க அப்பாவுக்கு மூள கொழம்பிப்போச்சு” என்று கத்திக்கொண்டு திரிகிறார். அவர்கள் வீட்டுக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று ஊரில் கட்டு போட்டாகிவிட்டது.

நைனா கல்யாணத்தை நிறுத்திவிட்டார். “வல அறுத்தவன் ஊட்டுக்கு என் பொண்ணு போவ மாட்டா” என்று ஒரே பேச்சு. முகத்துவாரத்தில் இறால் அள்ளுகிறார். சந்தோஷமாகத்தான் இருக்கிறார். நான் என்ன ஆனேன் என்று இந்த வீட்டில் அம்மாவைத் தவிர யாரும் கேட்கவில்லை.

நீயாவது ஒரு வார்த்தை எழுதக் கூடாதா?

வெண்ணிலா


பெங்களூர்,
11-10-1999

வெண்ணிலாவுக்கு. நான் நலம். வேலை தலைக்கு மேல். தொண்ணூற்றொன்பது முடிந்து இரண்டாயிரம் வந்தால் கம்ப்யூட்டர் எல்லாம் நின்றுவிடும் என்று எல்லோரும் கடைக்கு ஓடி வருகிறார்கள்.

கம்ப்யூட்டரை இனிமேல் போடாதே. உப்புக்காற்றில் உள்ளே துரு பிடித்திருக்கும், ஷாக் அடித்தாலும் அடிக்கும். துணியால் மூடிக் கட்டி வை. பொங்கலுக்கு வந்து நான் பார்த்துக்கொள்கிறேன்.

நைனாவின் முட்டிக்குத் தைலம் அனுப்புகிறேன். அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

பிரபா


பழவேற்காடு,
2-11-1999

அண்ணாவுக்கு. தைலம் வந்தது. நைனா தேய்த்துக்கொள்கிறார்.

உன் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். பாடு பற்றி ஒரு வரி இல்லை. மாமா பற்றி இல்லை. நின்றுபோன என் கல்யாணம் பற்றி இல்லை. துரு பற்றி மட்டும் இருக்கிறது.

நேற்று நைனா ஏரிக்குப் போனதும் துணியை அவிழ்த்துவிட்டுக் கம்ப்யூட்டரைப் போட்டேன். துரு இல்லை, ஷாக்கும் அடிக்கவில்லை. ஐஸ் பெட்டியை வைத்துக்கொண்டேன். விபூதி வரிசையில் பேர்களை அடித்தேன்.

அதே வரிசை வந்தது. அம்மன் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டாள் என்று எழுந்து கும்பிட்டேன். அப்புறம் ஏதோ கிறுக்கு, பேர்களுக்குப் பதிலாக மீன்களை அடித்தேன். மடவை, கெளுத்தி, கொடுவா, பன்னா என்று அத்தனை பேருக்கும் ஒவ்வொரு மீன். நைனா இருந்த இடத்தில் கொடுவாவை அடித்திருந்தேன். அது முதலில் வந்தது. மாமா இருந்த இடத்தில் கெளுத்தி. அது கடைசியில் வந்தது. மறுபடி போட்டேன். மறுபடியும் கெளுத்திதான் கடைசி.

கெளுத்தி யார் வலையை அறுத்தது அண்ணா?

எந்த இடத்தில் பேரை அடிக்கிறோமோ அதற்குத்தான் உன் பெட்டி பதில் சொல்கிறது. ஆளுக்குச் சொல்லவில்லை. ஐயோ, என்ன செய்துவிட்டோம்! உனக்கு இது தெரியுமா? தெரிந்துதான் வாயை மூடிக்கொண்டிருந்தாயா? தெரியாது என்று எழுது. நான் நம்புகிறேன்.

வெண்ணிலா


பெங்களூர்,
10-11-1999

வெண்ணிலாவுக்கு. எல்லோரும் நலம் என்று நம்புகிறேன். இதைப் படித்ததும் கிழித்துப் போடு.

புரோகிராமில் ஒரு வரி விட்டுப்போய்விட்டது. ராண்டமைஸ் டைமர் என்று முதல் வரியில் அடித்து சேவ் பண்ணிவிடு. அந்த வரி இருந்தால் கடிகாரத்தைப் பார்த்து ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி குலுக்கும். இல்லாவிட்டால் எப்போது போட்டாலும் ஒரே குலுக்கல்தான். கடைகளில் இது எல்லோரும் செய்கிற தப்பு. உன் ஆகஸ்ட் கடிதம் வந்த அன்றே இங்கே போட்டுப் பார்த்தேன்.

அடுத்த வருஷம் சரியாக வரும். இந்த வருஷம் நடந்தது நடந்துவிட்டது. நைனா இந்த முட்டி வலியோடு இன்னும் எத்தனை வருஷம் ஏரியில் இறங்குவார்? முகத்துவாரம் அவருக்கு ஒருமுறைகூட விழுந்ததில்லை. இப்போது நீ வாயைத் திறந்தால் ஊரை ஏமாற்றினோம் என்று நம்மையே கட்டி வைத்து அடிப்பார்கள். என்னை ஊருக்குள் விட மாட்டார்கள்.

அதோடு, தருமலிங்கம் மாமாதான் ஒத்துக்கொண்டாரே. அப்புறம் என்ன? ஓட்டைப் புரோகிராமிலும் சரியான பதில்தான் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள். உனக்கு இங்கே நல்ல பையனாகப் பார்க்கிறேன்.

கிழித்துப் போடு.

பிரபா


பழவேற்காடு,
6-12-1999

அண்ணனுக்கு வெண்ணிலா எழுதுவது. அம்மா நலம். மற்றதை நீயே படித்துக்கொள்.

உன் கடிதத்தைக் கிழிக்கவில்லை. நைனாவிடம் சொன்னேன். வலையைக் கீழே வைத்தார். அப்புறம், “பொங்க வரைக்கும் பொறேன்டி. இறால் சீசன் முடியட்டும்” என்றார். என் நைனாவா இது? அம்மாதான் எழுந்தாள். “தண்ணி குடுக்காத ஊட்ல ஒருத்தன் செத்துக்கினு கீறான், உனுக்கு சீசனா?” என்று கரண்டியை விட்டெறிந்துவிட்டு நேராகப் பெரியதனக்காரர் வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஊரைக் கூட்டிப் போட்டுக் காட்டு என்றார் பெரியதனக்காரர், கோயில் வேண்டாம் என்றேன். மீன் ஏலக்கொட்டகையில் ஐஸோடு வைத்தேன். ஊர் கூடியது. விபூதி வரிசையில் அடித்துப் போட்டேன், அதே வரிசை. நான் பேச வாய் திறப்பதற்குள் எல்லோரும் தரையில் விழுந்துவிட்டார்கள். “மூணாவது வாட்டியும் சொல்லிட்டா!” என்று பூசாரி சூடம் ஏற்றுகிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்த ஜனங்களுக்கு எப்படிப் புரியவைப்பேன்?

நைனா பேரையும் மாமா பேரையும் இடம் மாற்றி அடித்தேன். முதலில் மாமா வந்தார், கடைசியில் நைனா. முணுமுணுப்பு ஆரம்பித்தது. “என் பேரப் போடு” என்றார் பெரியதனக்காரர். மாமா இடத்தில் போட்டேன், அவர் கடைசி. லோகநாதன் அண்ணன் பேரைப் போட்டேன், அவரும் கடைசி. வலை அறுந்தவரே கடைசி! அப்போது ஜெகதீஸ் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து, “அம்மன் பேரையே போடு வெண்ணிலா” என்றார்.

கங்கையம்மன் என்று அடித்தேன். அம்மன் கடைசியில் வந்தாள்.

அவ்வளவு கூட்டம் இருக்கிற கொட்டகையில் ஐஸ் பெட்டியிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டது. பூசாரி சூடத்தை ஊதி அணைத்துவிட்டார். பவளக்கொடி அத்தை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

லோகநாதன் அண்ணன்தான் முதலில் பேசினார். “அப்ப நீ ஏன்யா ஒத்துக்கின? நா உன்ன அடிச்சனா, மெரட்டினனா?”

மாமா ரொம்ப இளைத்துவிட்டார் அண்ணா, சட்டை தொங்குகிறது. கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டு சொன்னார்: “அம்மாவே ரெண்டு வாட்டி சொல்றப்ப, இல்லன்னு சொல்ல நா யாருடா? அந்த ராத்திரி எனுக்கு நெனப்பில்ல. அறுத்துட்டு மறந்துட்டேன் போலன்னு நெனைச்சேன். தெனமும் கண்ண மூடினா நானே உன் வலய அறுக்கறது தெரியும். கத்தி எந்தக் கையில இருந்துச்சுன்னுகூடத் தெரியும்.”

லோகநாதன் அண்ணன் அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டார். மாமாவைப் பார்க்க முடியாமல் நான் திரும்பிக்கொண்டேன்.

மறுநாள், மாமா வராவிட்டாலும் அவர் பேரையும் சேர்த்து, பழையபடி பானையில் சீட்டு எடுத்தார்கள். மாமாவுக்கு நடுவில் ஓர் இடம். நைனாவுக்கு இந்த வருஷம் இடம் இல்லை. என்னோடு பேசுவதில்லை. ஒரே ஒரு தடவை, “பெரியவனுக்குத் தெரியுமா?” என்று கேட்டார். தெரியும் என்றேன். அதற்கப்புறம் உன் பேரையும் எடுக்கவில்லை. நம்மை யாரும் கட்டி வைத்து அடிக்கவில்லை. மாமா வீட்டுக்குப் போட்ட ஊர்க் கட்டுப்பாட்டையும் எடுத்துவிட்டார்கள். தை மாசம் கல்யாணம், மாமா வீட்டிலிருந்து அம்மாவிடம் வந்து கேட்டார்கள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதே. நேற்று மாமா சோற்றில் கை வைத்தவர் அப்படியே நிறுத்திவிட்டு ஜெகதீஸைக் கேட்டாராம்: “நெசமாவே நா அறுக்கலதானேடா?” தினமும் கேட்கிறாராம். நான் போய் ஒரு வரி விட்டுப்போனதைப் பற்றி எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். மருமகளாக வரப்போகிறவள் ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று தலையைத் தடவிக்கொடுக்கிறார்.

அவருக்கு அந்தப் பெட்டியைச் செய்தவன் வாயால் கேட்க வேண்டும். லீவு இல்லை என்று எழுதாதே. பொன்னேரி பஸ் வந்து நின்றதும் நம் வீட்டுக்கு வராதே. நேரே அவர் வீட்டுக்குப் போ. அவர் கேட்பார். நீ பதில் சொல்.

வெண்ணிலா